பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளி: சுவர் ஊறுகிறதா, வீடு வியர்க்கிறதா?

மத்திகிரி மாடிவீடு | நவம்பர் 9, இரவு 9.40

ஓசூர் மத்திகிரிப் பக்கம் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர். ஆனி மாதம் குடிவந்தபோது பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து, வீடு பளபளவென்று இருந்தது.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக மனைவி பட்டுச்சேலை எடுக்கப் பீரோவைத் திறந்தாள். உள்ளே மக்கிய வாடை. என் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பொடி. சந்தேகப்பட்டுப் பீரோவை நகர்த்தினால், பின்னால் சுவர் முழுக்கக் கரும்புள்ளி. இரண்டடி அகலம், நாலடி உயரம் இருக்கும். அது வடக்குப் பார்த்த வெளிச்சுவர்.

இன்னொன்று, ஹாலில் ஒரு சுவரின் அடியில் பெயிண்ட் பொரிந்து வெள்ளையாக மாவு உதிர்கிறது. அதுவும் பூசணம்தானா தெரியவில்லை.

ஐந்து வயது மகள் காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல் போடுகிறாள். வீட்டுக்காரரிடம் சொன்னால், "இத்தனை வருஷமா இல்லாதது, நீங்க ஜன்னலைத் திறக்காததால வந்தது" என்கிறார். பெயிண்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஓதம் தடுக்கும் பெயிண்ட் அடித்துத் தருகிறேன், 14,000 ரூபாய் என்றார். அடிக்கலாமா?

---

பெண்ணாகரத்தான் | நவம்பர் 9, இரவு 10.05

பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்துவிட்டு மேலே பெயிண்ட் அடியுங்கள். முடிந்தது வேலை.

---

தகடூர் கட்டுமானம் | நவம்பர் 9, இரவு 11.20

முடியாது சார். போன வருடம் இதே ஆலோசனையைக் கேட்ட ஒரு வீட்டுக்கு நான் போய்ப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியிலேயே வளர்ந்து, தோல் உரிவது போல ஏடு ஏடாக வந்தது.

மாடிவீட்டுக்காரரே, அந்தப் பெயிண்டருக்கு இன்னும் பணம் கொடுக்காதீர்கள். கட்டடத் தொழிலில் இருக்கிறேன், தர்மபுரியில். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் பூசணத்தைக் காட்டுவார்கள். நாங்கள் தண்ணீரைத் தேடுவோம். பூசணத்தின் விதை காற்றில் எப்போதும் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும். பெயிண்ட், பசை, தூசு, துணி எல்லாம் அதற்குச் சாப்பாடு. அதற்குக் கிடைக்காமல் நாம் தடுக்கக்கூடிய ஒன்று ஈரம் மட்டும்தான்.

சுவருக்கு ஈரம் வரும் வழிகள்: தரையிலிருந்து ஓதம் ஏறலாம், மொட்டை மாடியிலிருந்து இறங்கலாம், வெளிப்பூச்சு விரிசல் வழியாக மழை நுழையலாம், உள்ளே புதைத்த குழாய் கசியலாம். இவை எதுவும் இல்லாமல் வீட்டுக் காற்றில் உள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் படியலாம். ஐஸ் வாட்டர் சொம்பு வெளியே வியர்க்கிறதே, அதேதான்.

நீங்கள் இருப்பது மாடி. அதனால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம் உங்கள் சுவருக்கு வர வழியே இல்லை. கீழ்வீட்டிலேயே அது மூன்று நாலு அடிக்கு மேல் ஏறுவது அரிது. ஆக, ஓதம் தடுக்கும் பெயிண்ட் என்று சொன்னவர் எந்த ஓதத்தைத் தடுக்கப் போகிறார் என்று கேளுங்கள்.

இரண்டு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை.

ஹாலில் உதிரும் வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் சுரண்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். கரைந்து போனால் அது உப்பு, பூசணம் இல்லை. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதிலேயே கலவை போட்டு அதிலேயே சுவரை நனைத்திருப்பார்கள். செங்கல்லிலும் இருக்கும். சுவருக்குள் தண்ணீர் நடமாடினால் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். உப்பால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது இருந்தால் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, சமையலறை அலுமினியத் தாளையோ கெட்டி பிளாஸ்டிக்கையோ ஓரடிச் சதுரம் வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். படுக்கையறையில் ஒன்று, ஹாலில் ஒன்று. இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் முன்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. பின்பக்கம் நனைந்திருந்தால் சுவரிலிருந்து வருகிறது. ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

---

கொத்தனார் மகன் | நவம்பர் 10, காலை 6.50

சார் சொல்வது சரி, ஆனால் நம்மூரில் பத்துக்கு ஏழு வீட்டில் குற்றவாளி மொட்டை மாடிதான். அப்பா காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கித் தளம் போட்டு, கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடிக்கும் சத்தம் தெரு முனை வரை கேட்கும். இப்போது அதற்கு ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. கான்கிரீட்டின் மேல் ஒரு பூச்சு, அதன் மேல் ஒரு வெள்ளைப் பெயிண்ட், அவ்வளவுதான். இரண்டு வெயில் அடித்தால் விரிசல் விடும்.

உங்கள் தலைக்கு மேல் மொட்டை மாடியா, இன்னொரு வீடா? சீலிங் ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கிறதா?

---

மத்திகிரி மாடிவீடு | நவம்பர் 10, காலை 8.15

மேலே மொட்டை மாடிதான். சீலிங் சுத்தமாக இருக்கிறது, கறை இல்லை. ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் குளியலறைகளில் ஒன்று. இப்போதுதான் உறைக்கிறது.

பொடியைத் தண்ணீரில் போட்டேன். கரைந்துவிட்டது.

---

ஊத்தங்கரை அக்கா | நவம்பர் 10, பகல் 2.30

என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுடையதைவிடப் பெரிய தொல்லை அது. 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

தண்ணீர் வடிந்ததும் சேற்றைத் தள்ளிக் கழுவிவிட்டோம், அதோடு முடிந்தது என்று நினைத்தோம். கட்டில், மெத்தை, புத்தகம் எல்லாம் மழை விட்டபின் காய வைக்கலாம் என்று திண்ணையில் குவித்து வைத்தோம். அங்கேதான் தவறு செய்தோம். நனைந்தது ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பது அப்போது தெரியாது. நாலாம் நாள் இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் மயிர் மயிராக. மாமியார் காலத்து மெத்தை, மனசே வரவில்லை, வெயிலில் போட்டுத் தட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். பஞ்சுக்குள் போனதை எந்த வெயிலும் எடுக்காது. தூக்கிப் போட்டோம்.

பிள்ளைகளின் மார்க் ஷீட்டை மட்டும் முதல் நாளே காப்பாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் இடையே செய்தித்தாள் வைத்து, பாரம் ஏற்றாமல், ஃபேனுக்கு அடியில் பரப்பி, இரண்டு மணிக்கு ஒருதரம் தாள் மாற்றினேன். கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

இரண்டு மூட்டை நிலக்கடலையும் நனைந்தது. மாட்டுக்காவது ஆகும் என்று எடுத்து வைத்தேன். கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். கடலையில் வரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், வேகவைத்தாலும் போகாது, மாடு தின்றால் பாலில் வரும் என்றார். குழிதோண்டிப் புதைத்தோம்.

சுவர் விஷயம்: பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பெயிண்டர் ஒற்றைக் காலில் நின்றார். வீட்டுக்காரர் (என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன்) வேண்டாம் என்று சுண்ணாம்பு மட்டும் அடித்தார். பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்காத வீடு என்று தெருவே பேசியது. சித்திரையில் அடித்தோம். அவசரப்பட்டு அடித்த எதிர்வீட்டில் ஆடி மாதமே கொப்புளம்.

---

தகடூர் கட்டுமானம் | நவம்பர் 10, மாலை 5.10

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் என் பாதி வேலையைச் செய்துவிட்டார். எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஊறிய செங்கல் சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம். ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நாலைந்து மாதம் ஆகும். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட வைக்கும். அதன் காரத்தில் பூசணமும் லேசில் வராது. பட்டியும் எமல்ஷனும் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டியது மாதிரி, உள்ளே உள்ளது உள்ளேயே நிற்கும்.

---

பாரூர் ஏரிக்கரை | நவம்பர் 10, இரவு 8.00

கரும்பூஞ்சை என்றால் கொரோனா காலத்தில் கண்ணை எடுத்தார்களே, அதுவா? குழந்தை இருக்கிற வீட்டில் இப்படி அசட்டையாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்களே.

---

காவேரிப்பட்டணம் செவிலி | நவம்பர் 10, இரவு 9.25

அது வேறு, இது வேறு. கொரோனா காலத்தில் கரும்பூஞ்சை என்றது மியூகோர்மைகோசிஸ் என்ற நோயை. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரை, ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தி குன்றிய உடம்பு, இவற்றில்தான் அது வேலையைக் காட்டியது. பீரோவுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் வேறு இனங்கள். கறுப்பாக இருப்பதால் மட்டும் கொடியது என்றோ வெள்ளையாக இருப்பதால் சாது என்றோ நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொந்தரவு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தும்மலுக்குத் தூசியும் காரணமாக இருக்கலாம், பூசணமும் காரணமாக இருக்கலாம். மகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். ஒரு வாரம் பாருங்கள். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

---

பட்டுக்கூடு | நவம்பர் 11, காலை 5.55

தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். வீட்டுச் சுவர் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் பூசணத்தோடு வருடம் முழுக்க மல்லுக்கட்டுகிறவன் நான். மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் புழு செத்து, உடம்பு விறைத்து, மேலே சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாகிவிடும். சுண்ணாம்புக்கட்டி நோய் என்போம். அதுவும் பூஞ்சைதான். ஒரு தட்டில் வந்தால் புழு வளர்க்கும் மனை முழுக்கப் பரவும், ஒரு ஈடு, அதாவது ஒரு தடவை வளர்க்கும் புழு மொத்தமும் போச்சு.

எங்களுக்குக் கண் வேறு, கருவி வேறு. காற்று ஈரமா காய்ந்ததா என்று மூக்கால் சொல்லமாட்டோம். மனைக்குள் ஈரக்குமிழ் உலர்குமிழ் வெப்பமானி தொங்கும். இரண்டு வெப்பமானி, ஒன்றின் அடியில் நனைந்த திரி சுற்றியிருக்கும். உலர்ந்தது 22 காட்டும்போது நனைந்தது 17 காட்டினால் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதம். இரண்டுக்கும் வித்தியாசம் 2 டிகிரிதான் என்றால் 80ஐத் தாண்டிவிட்டது. வளர்ந்த புழுவுக்கு 70 சுற்றி வைப்போம். அதைத் தாண்டினால் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவி, ஜன்னல் திறந்துவிடுவோம்.

இப்போது கடிகாரம் மாதிரி சின்ன டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிப் பீரோ வைத்த இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் 60க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஜன்னலை விடியற்காலையில் திறக்காதீர்கள், பனிக்காற்று உள்ளே வரும். பகல் பதினொன்றுக்கு மேல் திறங்கள்.

---

தகடூர் கட்டுமானம் | நவம்பர் 11, காலை 10.30

அருமையாகச் சொன்னீர்கள். கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். வெளியே 16 டிகிரி, பனி மூட்டம், ஈரப்பதம் 100 என்று வையுங்கள். தொட்டால் சில்லென்று ஈரமாகத்தான் தோன்றும். அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடேறினால் ஈரப்பதம் 70க்குள் இறங்கிவிடும். குளிர்ந்த காற்று அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. இரவெல்லாம் மூடிக்கிடந்து 80 தொட்ட அறைக்கு அந்தக் காற்றும் நல்லதே. புழுவுக்குக் குளிர் ஆகாது என்பதால் உங்களுக்குப் பகல்தான் சரி, மனிதர்களுக்குக் கால் மணி நேரம் எப்போது திறந்தாலும் லாபம்தான். மழை பெய்யும்போது காற்றும் வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் பிரயோஜனம் குறைவு.

---

பட்டுக்கூடு | நவம்பர் 11, மாலை 6.40

இருபது வருடமாக அப்பா சொன்னதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை கருவியை வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான். அப்பாவிடம் நான் சொல்லப் போவதில்லை.

---

மத்திகிரி மாடிவீடு | நவம்பர் 13, இரவு 9.00

தாள் சோதனை முடிவு. படுக்கையறையில் அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக வியர்வை, பின்னால் காய்ந்து கிடக்கிறது. ஹாலில் நேர் எதிர்: முன்பக்கம் காய்வு, பின்பக்கம் சொட்டச் சொட்ட.

ஈரப்பதக் கருவியும் வாங்கிவிட்டேன். காலை ஆறு மணிக்குப் படுக்கையறையில் 78. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மழை என்பதால் மூன்று வாரமாக அந்த அறையில்தான் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம்.

---

தகடூர் கட்டுமானம் | நவம்பர் 13, இரவு 10.45

ஆக உங்கள் வீட்டில் இரண்டு வியாதி. ஒன்று உங்களுடையது, ஒன்று வீட்டுக்காரருடையது. அவர் சொன்னதும் பாதி உண்மை, நீங்கள் சந்தேகப்பட்டதும் பாதி உண்மை.

படுக்கையறைக் கதை இது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரருக்கே அங்கே ஸ்வெட்டர் வேண்டும். வடக்குச் சுவருக்கு இந்த மாதங்களில் வெயில் படாது. ஒரு பக்கெட் துணியைப் பிழிந்து போட்டாலும் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றுக்குள் போகிறது. மூன்று பேர் மூச்சு, சமையல் ஆவி, வெந்நீர்க் குளியல் வேறு. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அறையின் சூடு பின்னால் போகாது, அந்த இடம் மற்றச் சுவரைவிடக் குளிர்ந்து கிடக்கும். அறையில் 22 டிகிரி, ஈரப்பதம் 65 என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே காற்று 18 டிகிரிச் சுவரை ஒட்டி நிற்கும்போது அங்கே 83. சுவர் கண்ணுக்கு நனையவே வேண்டாம், பூசணத்துக்கு அதுவே போதும். உங்களுக்கு 78. கேட்கவே வேண்டாம்.

ஹாலுக்கு: அந்தக் குளியலறையைப் பத்து நாள் பூட்டி வையுங்கள், இன்னொன்று இருக்கிறதல்லவா? மெயின் வால்வை மட்டும் மூடாதீர்கள். குழாயில் தண்ணீர் அழுத்தம் இருந்தபடியே இருக்கட்டும். பத்து நாளில் ஈரம் குறைந்தால் தண்ணீர் வரும் குழாயில் தப்பில்லை, தரையிலோ வடிகாலிலோதான் ஓட்டை. குறையவில்லை என்றால் சுவருக்குள் புதைத்த குழாயைப் பார்க்க வேண்டும். டைல்ஸை உடைக்கும் முன் இதைச் செய்யுங்கள், பாதி பிளம்பர்கள் உடைத்த பிறகுதான் யோசிப்பார்கள்.

---

பெண்ணாகரத்தான் | நவம்பர் 14, காலை 7.30

சரி, தண்ணீரை நிறுத்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இருக்கிற பூசணத்தை எடுக்க வேண்டாமா? நான் கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் கலந்து அடிப்பேன், பளிச்சென்று போகும்.

---

காவேரிப்பட்டணம் செவிலி | நவம்பர் 14, காலை 7.52

ஐயா, தயவுசெய்து அந்த வரியை நீக்குங்கள். யாராவது செய்து பார்த்துவிடப் போகிறார்கள். பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் நுரையீரலைப் பொசுக்கிவிடும். அம்மோனியா உள்ள கிளீனரோடும் பிளீச்சிங்கைச் சேர்க்கக் கூடாது. இப்படிக் கலந்துவிட்டு மூச்சுத் திணறி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சுத்தக்காரர்கள்தான்.

---

பெண்ணாகரத்தான் | நவம்பர் 14, காலை 8.10

இது எனக்குத் தெரியாது. அவ்வப்போது இருமல் வந்தது, காரம் என்று நினைத்தேன். நீக்கப் பார்த்தேன், முடியவில்லை. படிக்கிறவர்கள் அதைச் செய்யாதீர்கள்.

---

தகடூர் கட்டுமானம் | நவம்பர் 14, காலை 11.00

சுத்தம் செய்ய ஆசிட்டே வேண்டாம். மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் வீட்டிலேயே எடுக்கலாம். உங்களுடையது ஒட்டி வருகிறது. அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை அணைத்துவிடுங்கள். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி. காய்ந்த நிலையில் சுரண்டவோ பெருக்கவோ கூடாது, வீடு முழுக்கப் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு பஞ்சால் தேய்த்து எடுங்கள். துடைத்த துணியை அலசி வைத்துக்கொள்ள வேண்டாம், பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பிளீச் அடித்தால் நிறம் போகும், அதனால் பூசணமே போய்விட்டதாகத் தோன்றும். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால் சுவரை விட்டு அதை எடுப்பதுதான் காரியம். பூச்சுக்குள் இறங்கியதைப் பிளீச் தொடாது, அதில் உள்ள தண்ணீர் மட்டும் உள்ளே போகும். வழவழப்பான டைல்ஸுக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மேல் வேண்டாம். கற்பூரம், அந்துருண்டை, சாம்பிராணி இவற்றுக்கெல்லாம் வாடையை மறைக்கத்தான் தெரியும்.

---

ஊத்தங்கரை அக்கா | நவம்பர் 14, பகல் 1.15

தம்பி, பட்டுச்சேலையை என்ன செய்தீர்கள்? வெயிலில் போட்டுவிடாதீர்கள், சாயம் வெளுக்கும். நிழலில், காற்றோட்டமான வராந்தாவில் ஒரு நாள் முழுக்க விரித்து, மென்மையான பிரஷ்ஷால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். மடிப்பை மாற்றி மடித்து, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. அந்துருண்டை ஜரிகையில் படவும் கூடாது.

---

நல்லம்பள்ளி புதுவீடு | நவம்பர் 15, இரவு 7.20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். புது வீடு கட்டுகிறோம், பூச்சு வேலை இப்போதுதான் நடக்கிறது. தை மாதம் கிரகப்பிரவேசம், நாள் குறித்தாகிவிட்டது. பட்டி, பெயிண்ட் எல்லாம் மார்கழிக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார் மேஸ்திரி.

---

தகடூர் கட்டுமானம் | நவம்பர் 15, இரவு 9.50

நாளை மாற்ற வேண்டாம், பெயிண்டை மாற்றுங்கள். ஐப்பசி மழையில் பூசி, நனைத்து, ஈரத்தோடு பட்டி பார்த்தால் அடுத்த வருடம் நீங்கள் இதே கேள்வியோடு இங்கே தனி இழை தொடங்குவீர்கள். வெள்ளை மட்டும் அடித்துக் குடிபோங்கள். ஒரு கோடை போகட்டும்.

---

கொத்தனார் மகன் | நவம்பர் 15, இரவு 10.15

மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டார். பெயிண்ட் முடிந்தால்தான் அவருக்குக் கடைசித் தவணை. அந்தத் தொகையைத் தனியாகப் பேசி முடியுங்கள்.

---

மத்திகிரி மாடிவீடு | நவம்பர் 26, இரவு 8.30

பத்து நாளுக்குப் பதில் பதினொரு நாள் பூட்டி வைத்தோம். ஹாலில் புதுத் தாள் ஒட்டிப் பார்த்தேன். பின்பக்கம் லேசான ஈரம் மட்டும், சொட்டவில்லை. குழாய் தப்பித்தது. பிளம்பர் வந்து, குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் நானி டிராப்பின் விளிம்பில் விரலை வைத்தார், சிமெண்ட் பொடியாக வந்தது. குளிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு தினமும் அந்த இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. விளிம்பை அடைத்து, தரையும் சுவரும் சேரும் இடத்தில் பழைய க்ரௌட்டை (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கலவை) சுரண்டி எபாக்ஸி போட்டார். கூலியோடு 1,800 ரூபாய்.

யார் கொடுப்பது என்று பேச்சு வந்தது. வீட்டுக்காரர் முதலில் பிடிகொடுக்கவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வாடகைக்காரர் சேதம் செய்தால் தவிரக் கட்டடப் பழுதும் குழாய் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு என்று இருப்பதாக ஆபீஸ் நண்பர் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகத்தான் இறங்கினேன். அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தற்செயலாக மேலே பார்த்தால், எங்கள் குளியலறைக்கு நேர் கீழே சீலிங்கில் ஒரு மஞ்சள் வட்டம். இரண்டு முறை பெயிண்ட் அடித்து மறைத்தாராம். சட்டம் பேசவே தேவைப்படவில்லை. பிளம்பரோடு எடுத்த போட்டோவைக் காட்டினேன். பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டார்.

---

கொத்தனார் மகன் | நவம்பர் 26, இரவு 9.05

மாடிதான் குற்றவாளி என்றேன். மாடிதான், ஆனால் மொட்டை இல்லாத மாடி.

---

மத்திகிரி மாடிவீடு | ஜனவரி 18, மாலை 6.20

கடைசி நிலவரம். படுக்கையறைச் சுவரைச் சொன்னபடி சோப்புத் தண்ணீரில் எடுத்தோம். நானும் மனைவியும் மாறி மாறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பீரோ இப்போது உள்சுவரில், நாலங்குல இடைவெளி விட்டு நிற்கிறது. மேலே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் போய்விட்டன. துணி காய்வது மொட்டை மாடியில், தகரக் கூரைக்கு அடியில். இரண்டு நாள் ஆகிறது, பரவாயில்லை. காலையில் கருவி 58லிருந்து 62க்குள் காட்டுகிறது. மார்கழிப் பனியில் ஒருநாள் 66 போனது, அன்று விருந்தாளிகள் எட்டுப் பேர்.

மகள் ஹாலில் படுத்த மூன்றாம் வாரமே தும்மல் குறைந்தது. டாக்டரிடமும் காட்டினோம், மூக்கு ஒவ்வாமை என்றார். இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஹால் சுவரில் உப்பு இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறோம், தண்ணீர் போடுவதில்லை. பொங்கலுக்கு முன் வீட்டுக்காரர் பெயிண்டரோடு வந்து நின்றார். சித்திரை வரை வேண்டாம் என்றேன். ஊத்தங்கரை அக்கா வீட்டுக் கதையையும் சொன்னேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, அந்தக் கருவி என்ன விலை, எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

நேற்று இரவு பத்து மணிக்குக் கீழே பீரோ நகர்த்தும் சத்தம் கேட்டது.